சுவிட்சர்லாந்து மெஷினும் வடசேரி அரமும்

பழைய ரெக்கார்ட் பிளேயர வீட்டுலயே சரி பண்ணுனேன்னு யாருகிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற கேள்வி, "ஸ்பேர் எங்கேருந்து கிடைச்சுது?" அப்பிடிங்கறதுதான். ஜெர்மனியிலேருந்து வரவழைச்சியா, கஸ்டம்ஸ்ல எவ்வளவு புடிச்சான்னு வரிசையா கேப்பாங்க. ஸ்பேர்னு நான் காசு குடுத்து வாங்குனது ஒரு கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசிய மாட்டுற தலை, அதுக்கு இன்னொரு ஊசி, அப்புறம் ஒரு சாயா காசுக்கு ஒரு கப்பாசிட்டர், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரத்துக்கும் வடசேரிக்கும் தக்கலைக்கும் நடுவுல, அவங்கவங்க பாட்டுக்கு வேலை செஞ்சுகிட்டு இருந்த ஆளுங்ககிட்ட போய் நின்னு, "அண்ணாச்சி இத கொஞ்சம் பாருங்க"ன்னு கேட்டு நடந்ததுதான். அதுல ஒருத்தரு கூட அதுக்கு முன்னாடி டர்ன்டேபிள தொட்டது கிடையாது. ஆனா ரப்பர் தெரிஞ்சவருக்கு ரப்பர் தெரியும், அரம் புடிச்சவருக்கு பித்தளை தெரியும், அது எந்த மெஷின்ல இருந்தா அவங்களுக்கு என்ன.

மெஷின் லென்கோ எல்75. சுவிட்சர்லாந்துல புர்க்டார்ஃப்னு ஒரு ஊரு, 1946-ல அங்க லெங்னு ஒரு குடும்பம், புருஷனும் பொண்டாட்டியுமா சேந்து ஆரம்பிச்ச கம்பெனி. எல்75 அறுபதுகளோட கடைசியில வந்த மாடல். எங்க மாமா, அம்மாவுக்கு மூத்தவரு, கப்பல்ல வேலை பாத்தவரு, எழுபதுகள்ல ஏதோ ஒரு துறைமுகத்துல செகண்ட் ஹேண்டா வாங்கி குளச்சல் பக்கத்துல இருக்குற வீட்டுக்குக் கொண்டு வந்தது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து, மீன்கறி அடுப்புல கொதிக்கிற நேரத்துக்கு ரெக்கார்டு போடுவாரு, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஒக்க வாசல்ல வந்து நிக்கும். அப்புறம் கேசட் வந்துச்சு, சிடி வந்துச்சு, மாமாவும் போய்ச் சேந்தாரு, மெஷின் அலமாரி மேல ஏறிச்சு. மாமி வீட்ட இடிச்சுக் கட்டுற நேரத்துல, "மக்கா, இத ஆக்கர்காரனுக்குப் போடட்டா, இல்ல நீ எடுத்துட்டுப் போறியா"ன்னு கேட்டாங்க. எடுத்துட்டு வந்துட்டேன்.

இந்த மெஷின் எப்பிடி சுத்துதுன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அது புரிஞ்சாத்தான் பின்னால சொல்லப்போற ரப்பர் கதை புரியும். ரெக்கார்ட் பிளேயர்ல ரெக்கார்டு உக்காருற தட்ட சுத்த வைக்க மூணு வழி இருக்கு. ஒண்ணு பெல்ட்டு. ஒண்ணு மோட்டாரே தட்டுக்கு அடியில நேரா உக்காந்திருக்கும், டைரக்ட் டிரைவ். மூணாவது ஐட்லர், அதாவது மோட்டார் தண்டுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன ரப்பர் வீல் இருந்து, தண்டு வீல உருட்டும், வீல் தட்ட உருட்டும். பழைய சைக்கிள்ல டயர ஒட்டி வைக்கிற டைனமோ தெரியுமுல்லா, அத அப்பிடியே திருப்பிப் போட்டா ஐட்லர். லென்கோல என்ன விசேஷம்னா அந்த வீல் படுத்துக் கிடக்காது, நட்டமா நிக்கும். மோட்டார் தண்டு கூம்பா ஒரு பக்கம் தடிச்சும் ஒரு பக்கம் மெலிஞ்சும் இருக்கும், மேல ஒரு லிவர் இருக்கு, அத நகத்துனா வீல் அந்தக் கூம்பு மேல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வழுக்கிப் போவும், தடிச்ச இடத்துல தொட்டா வேகம் கூடும், மெலிஞ்ச இடத்துல தொட்டா குறையும். நிமிஷத்துக்கு 16, 33, 45, 78 சுத்துக்கு எல்லாம் லிவர்ல வெட்டு இருக்கு, ஆனா வெட்டுல விழாம நடுவுலயும் நிறுத்திக்கலாம். கியரு இல்ல, எலக்ட்ரானிக்ஸ் இல்ல, ஒரு கூம்பும் ஒரு வீலும் சுமார் 4 கிலோ எடையில ஒரு தட்டும், அவ்வளவுதான் மொத்தமும்.

கொண்டு வந்தப்ப இருந்த நெலமைய சொல்றேன். கடல்காத்து, உங்களுக்கே தெரியும், எங்க பக்கம் ஜன்னல் கம்பிய எத்தன தடவ பெயிண்ட் அடிச்சாலும் தின்னுரும். மேல் பிளேட் முழுக்க வெள்ளைப் பொட்டு பொட்டா உப்பு பூத்திருந்துச்சு. அடியில இருந்த மரப்பெட்டி ஒட்டுப்பலகை, ஈரத்துல ஊதி அப்பம் மாதிரி ஆகி, கைய வச்சா தூள் கொட்டுச்சு. தட்டு சுழலவே இல்ல. கழட்டிப் பாத்தா பேரிங் உள்ள, லிவருக்கு அடியில, மோட்டார் தண்டு ஓரத்துல எல்லாம் பழுப்பா ஒரு பசை, மோந்து பாத்தா தேங்காஎண்ணெ வாசம். மாமி வீட்டுல தையல் மெஷின், கதவுக் கீல், கிணத்துக் கப்பி, முட்டுவலி எல்லாத்துக்கும் ஒரே குப்பிதான், இதுக்கும் ஊத்திருக்காங்க. தேங்காஎண்ணெ 24, 25 டிகிரிக்கு கீழ போனா உறையும், அது கூட பரவால்ல, நம்ம ஊருல அவ்வளவு குளிரு எங்க இருக்கு. தூசிய புடிச்சு வச்சு வருஷக்கணக்குல காஞ்சு பசையாகுறதுதான் தொல்லை. ஓடிக்கிட்டே இருந்திருந்தா இவ்வளவு கெட்டிருக்காது, சும்மா கிடந்ததுதான் கெடுத்துச்சு.

பசை எடுக்குற வேலை பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, பொறுமை இருந்தா போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், காது குடையுற பஞ்சு. தட்டு ஸ்பிண்டில் மேல இறுகிப் போய் வரவே மாட்டேன்னுச்சு, அதுக்கு அடிக்கக் கூடாது, நெம்பக் கூடாது, ஹேர் டிரையர வச்சு நடுப்பகுதிய பைய சூடு காட்டி ரெண்டு கையால சுத்தி சுத்தித் தூக்குனா ஒரு நேரம் டப்புன்னு வந்துரும். பேரிங்கோட அடிமூடிய கழட்டி பழசு எல்லாம் துடைச்சு புது எண்ணெ விட்டேன். மோட்டாருக்கு மெல்லிசான தையல் மெஷின் எண்ணெ சொட்டு கணக்குல போதும், தட்டு பேரிங்குக்கு கொஞ்சம் கனமான எண்ணெ வேணும், ஏன்னா நாலு கிலோவ தாங்குது. இன்னொண்ணு, சுவிட்ச் பக்கத்துல தீப்பொறி அடங்குறதுக்கு ஒரு சின்ன கப்பாசிட்டர் இருக்கும். பழசுல உள்ள காகிதம் ஈரம் இழுத்து வெடிச்சுப் புகையுற ரகம், முதல் வேலையா அத புடுங்கிப் போட்டுட்டு 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 ரகம் ஒண்ணு போட்டுட்டுத்தான் பிளக்க சொருகணும். இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. கரண்ட பொறுத்த வரைக்கும் நமக்கு ஒரு வசதி, சுவிஸ்காரனும் 50 ஹெர்ட்ஸ், நாமளும் 50 ஹெர்ட்ஸ்.

இவ்வளவும் பண்ணி ஓட விட்டா மோட்டார் அருமையா சுத்துது, தட்டு நின்னு நின்னு போவுது. ரப்பர் வீல் வழுக்குது. விளிம்பு கறுப்பா பளபளன்னு கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கு.

ரப்பருக்கு எங்க போவணும்னு எங்க மாவட்டத்துல ஒருத்தன் யோசிக்கலாமா? குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை எங்க திரும்புனாலும் ரப்பர் விளைதான். கூடப் படிச்சவன் ஒருத்தன் குலசேகரம் பக்கம் தோட்டம் வச்சிருக்கான், சொந்தமா ஷீட் அடிக்கிற ரோலர், புகைப்புரை எல்லாம் உண்டு. வீல கொண்டு போய்க் காட்டி, "உன் பால்ல கொஞ்சம் எடுத்து இது மேல ஒரு கோட்டிங் குடுத்துரலாமாடே"ன்னு கேட்டேன். சிரிச்சான். "எடே, இது பாலு. இன்னும் ரப்பரே ஆவல"ன்னான். கூட்டிட்டுப் போய் காட்டுனான். டிரேல ஊத்தி ஆசிட் விட்டு உறைய வச்சது வெள்ளையா இட்லி மாவு கட்டி போல கிடக்குது, அத ரோலர்ல குடுத்து ஷீட் ஆக்கி புகையில தொங்க விடுறான். அந்த ஷீட்டுல ஒரு ஓரத்த கிள்ளி என் கையில தந்து, "இழுத்துப் பாரு"ன்னான். இழுத்தா நீளுது, விட்டா முழுசா திரும்பி வரல. வெயில்ல பிசுபிசுக்கும், குளிருல விறைக்கும், கந்தகம் போட்டு வேக வச்சாத்தான் நாம ரப்பர்னு சொல்ற ரப்பர் ஆவும். 1839-ல குட்இயர் கண்டுபுடிச்ச சங்கதி, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், ஆனா அந்தத் துண்டு கைய விட்டுப் போகாம ஒட்டிக்கிட்டு நின்னப்பதான் உள்ள ஏறிச்சு.

அவன் இன்னும் ரெண்டு விஷயம் சொன்னான், ரெண்டும் எந்த ரிப்பேர் வீடியோவுலயும் நான் கேட்டதில்ல. ஒண்ணு, செம்பு ரப்பருக்கு ஆகாது. பாலு செம்பு, பித்தளைப் பாத்திரத்த தொடாம பாத்துக்குவாங்களாம், மழைக்காலத்துல இலைக்கு அடிக்கிற, செம்பு உள்ள துரிசு மருந்து கொஞ்சம் பால்ல கலந்துட்டா ஷீட் சீக்கிரம் கெட்டுப் போவுமாம். அப்ப மோட்டாரோட வெண்கல புஷ்ல இருந்து கசியுற கறுத்த எண்ணெ வீல்ல பட்டா ரெட்டை நாசம். ரெண்டாவது, மண்ணெண்ணெ, பெட்ரோல், கிரீஸ் எதுவும் கிட்ட வரக் கூடாது, ஊதி மெத்துன்னு ஆயிரும். எங்க பக்கம் மெக்கானிக் எத எடுத்தாலும் முதல்ல மண்ணெண்ணெயில முக்குவான், அதனால இத இங்க ஒரு தடவ அழுத்திச் சொல்லிக்கிறேன்.

கடைசியில அவனே, "மார்த்தாண்டத்துல டயர் ரீட்ரேடிங் பண்றவங்க இருக்காங்க, அவங்கள்ட்ட கேளு"ன்னு அனுப்பி விட்டான். அங்க இருந்த மேஸ்திரி, லாரி டயருக்கு நடுவுல உக்காந்து என் வீல வாங்கி நகத்தால ஒரு அழுத்து அழுத்துனாரு. திருப்பி இன்னொரு இடத்துல அழுத்துனாரு. விளிம்ப மூக்குகிட்ட கொண்டு போனாரு. "இதுக்கு எதுக்கு புது ரப்பர்? மேல்தோலுதான் செத்துருக்கு, உள்ள உசுரு இருக்கு. தோல எடும்"னாரு. காசு வாங்கல. டயருக்கு புது ரப்பர் ஒட்டுறதுக்கு முன்னாடி பழைய மேல்பரப்ப உரசி எடுப்பாங்க, இவரு தினமும் செய்யுற வேலை அது. வீல டிரில்லுல மாட்டி மெதுவா சுத்த விட்டு, நைசான எமரி பேப்பர ஒரு மட்டமான கட்டையில சுத்தி லேசா தொட விட்டேன், கறுப்புத் தூள் பறந்து கொஞ்ச நேரத்துல விளிம்பு மங்கலா, கைக்குப் புடிப்பா வந்துருச்சு. ஆல்கஹால்ல ஒரு துடைப்பு. மாட்டுனா தட்டு கிளம்பி ஒரு சுத்துக்குள்ள வேகம் புடிச்சு, கைய வச்சு நிறுத்தப் பாத்தாலும் தள்ளிக்கிட்டுப் போவுது.

வெளிநாட்டுல இந்த வீலுக்கு புது ரப்பர் போட்டுத் தர்ற ஆளுங்க இருக்காங்க, நல்லாத்தான் செய்வாங்க போல. ஆனா இணையத்துல படிச்சா எல்லாத்தையும் மாத்து, எல்லாத்தையும் கழட்டி எறின்னு ஒரே வேகம். உள்ள உசுரு இருக்கான்னு நகத்தால அழுத்திப் பாக்குற பொறுமை கொஞ்சம் கம்மி.

அடுத்தது டோன்ஆர்ம், ஊசி மாட்டுற கை. எல்75 வச்சிருக்குற எல்லாருக்கும் வர்ற ஒரே சீக்கு இது. அந்தக் கை மேலும் கீழும் ஆடுறதுக்கு கத்திமுனை மாதிரி ரெண்டு எஃகு விளிம்பு இருக்கு, அது ரெண்டும் 'வி' வெட்டு போட்ட ரெண்டு குட்டி ரப்பர் கட்டையில உக்காந்திருக்கும். வி-பிளாக்ம்பாங்க. அரை நூற்றாண்டுல அந்த ரப்பர் பிஸ்கட் தூளாப் போயிரும், எனக்கும் போயிருந்துச்சு, கை ஒரு பக்கமா சாஞ்சு தொளதொளன்னு ஆடிச்சு. இது புதுசா செஞ்சே ஆகணும், தோல் எடுக்குற கதை இங்க நடக்காது. நைலான்ல, பித்தளையில எல்லாம் செஞ்சு விக்கிறாங்க, வாங்கிரலாம்னுதான் நெனச்சேன், அப்பத்தான் வீட்டுக்காரி, "இத விட பொடிசு எல்லாம் வடசேரில செய்யுறாங்களே"ன்னா.

வடசேரி கோயில் நகை தெரியாதவங்க கிடையாது, பரதநாட்டியம் ஆடுற பிள்ளைங்க நெத்திச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறைன்னு போடுறது எல்லாம் அங்க செய்யுறதுதான், நாகர்கோவில் கோயில் நகைன்னு புவிசார் குறியீடு கூட வாங்கிருக்கு. அவளுக்குத் தெரிஞ்ச ஒரு ஆசாரி வீட்டுக்குப் போனோம். திண்ணைய ஒட்டி ஒரு சின்ன முறி, தரையில மணை, முன்னால மரக்கட்டை, அதுல ரம்பம் அறுத்து அறுத்து விழுந்த வெட்டு. மடியில தோல் விரிச்சிருந்தாரு, அரம் போடுற தூள் ஒண்ணு கூட தரைக்குப் போகாம அதுல விழும். பழைய ரப்பர் கட்டைய சாவணத்துல புடிச்சு கண்ணுல லென்ஸ மாட்டிக்கிட்டு பாத்தாரு, அது பாக்கப் பாக்கவே உதிந்துச்சு.

"தம்பி, இது எந்த நகைக்கு உள்ளது?"

நான் கைய காட்டி விளக்குனேன். அவரு கேட்டது ஒரே கேள்வி, "கனம் எம்புட்டு, எதுல உக்காருது, எதுக்காக ஆடுது?" ஒரே கேள்வின்னு சொன்னாலும் மூணு அதுல அடங்கிருக்கு. கத்திமுனை 'வி'யோட அடியில ஒரே கோட்டுல தொடணும், பக்கத்துல எங்கயும் உரசக் கூடாது, ரெண்டு கட்டையும் ஒரே உயரம் இருக்கணும், இல்லன்னா கை சாயும்னு சொன்னேன். "செரி, தராசுக்கு போடுற மாதிரி"ன்னு சொல்லிட்டு பித்தளைத் தகடு ஒண்ண எடுத்தாரு. பழைய தட்டான் தராசோட நடுத்தண்டும் கத்திமுனையில ஆடுறதுதானே, நான் சொல்ல வந்தது அவரு வீட்டுல ஏற்கனவே தொங்கிட்டு இருந்துச்சு. ரெண்டு கட்டையையும் ஒண்ணா சேத்து ஒட்டி வச்சு ஒரே இழுப்புல அரத்தப் போட்டாரு, அப்பத்தான் ரெண்டு வெட்டும் ஒரே ஆழம் வரும்னாரு. முக்கோண அரம், அப்புறம் அதை விட நைசு, கடைசியில 'வி'க்குள்ள ஒரு நூல வச்சு மெருகு இழுத்தாரு. நான் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், வெட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு அவரு கை ஒரு மயிரிழை கூட விலகல.

போட்டுப் பாத்தா கை நேரா நின்னுச்சு. பின்னால இருக்குற எடைக்கட்டையும் உள்ள ரப்பர் தளந்து தொங்கிருந்துச்சு, அதுக்கு வாஷர் வச்சு சமாளிச்சாச்சு, அது பெரிய காரியம் இல்ல.

ஊசி அழுத்தம் பாக்குறதுக்கும் ஆசாரிகிட்டதான் பாக்கெட் தராசு ஒண்ணு இரவல் வாங்குனேன், மில்லிகிராம் பத்து பத்தா காட்டும். நான் மாட்டுனது ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ, அதுக்கு 2 கிராம் வைக்கணும். தராசுல ஊசிய வச்சா எண்ணு கன்னாபின்னான்னு குதிச்சுது. கார்ட்ரிட்ஜ் உள்ள காந்தம் இருக்கு, தராசுத் தட்டு எஃகு, அது காந்தத்த இழுத்து பொய்க்கணக்கு காட்டுது. தட்டுக்கு மேல ஒரு சின்ன மரத்துண்டு வச்சு, தராச பூஜ்ஜியம் பண்ணி, ஊசி ரெக்கார்டு உக்காருற உயரத்துக்கு வர்ற மாதிரி அளந்தா சரியா காட்டுச்சு. இந்த மாடல்ல எனக்குப் புடிச்சது, அதே கார்ட்ரிட்ஜுல ஊசிய மட்டும் உருவிட்டு, 78 வேகத்துல ஓடுற பழைய தட்டுக்கான எஸ்பி ஊசிய மாட்டிரலாம். 33-ல ஓடுற எல்பி ரெக்கார்டோட வரி ரொம்ப ஒடுக்கம், 78-ஓட வரி அகலம், எல்பி ஊசிய விட நாலு மடங்கு தடிச்ச முனை வேணும், அழுத்தமும் 5 கிராம். எல்பி ஊசிய 78 மேல ஓட விட்டா வரியோட அடியில போய் குப்பையில பொரண்டுகிட்டு கரகரன்னு கத்தும், பழைய தட்டு ஆனதால கரகரங்குதுன்னு நாம நெனச்சுக்குவோம்.

பெட்டி அயனி மரத்துல. அம்மா வழித் தாத்தாவோட ஓட்டு வீட்ட பிரிச்சப்ப எடுத்து வச்ச கதவுப் பலகை, விளையில ஷெட்டுல கிடந்துச்சு. தக்கலையில ஒரு மர ஆசாரி, பத்மநாபபுரம் அரண்மனை பக்கம்தான் பட்டறை, பலகைய தட்டிப் பாத்து சத்தத்த கேட்டுட்டு, "கரையான் தொடல, கொள்ளாம்"னு சொன்னாரு. ஐட்லர் மெஷினுக்கு கனமான பெட்டி வேணும், மோட்டார் அதிர்வு ரப்பர் வீல் வழியா தட்டுக்கு ஏறி ஊசி வரைக்கும் வந்துரும், அத அடக்க எடை தேவை. அதுக்காக சில பேரு கருங்கல்லுல எல்லாம் செய்யுறாங்க, நாம கல்லு கட்டி பாட்டு கேக்கணும்னு அவசியம் இல்ல. மேல் பிளேட்ட திரும்ப பெயிண்ட் பண்ணல. உப்புப் பொட்டு அப்பிடியே இருக்கட்டும், குளச்சல்ல இத்தன வருஷம் கிடந்த மெஷின் புதுசு மாதிரி மினுங்குனா அது நல்லாவா இருக்கும்.

இதுல என்ன சிக்கல்னா, எல்லாம் சரியாகி பழைய ஆம்ப்ளிஃபையர்ல ரெக்கார்ட் பிளேயருக்குன்னு இருக்குற போனோ இன்புட்ல குடுத்தா பாட்டு வருது, பின்னாலயே "ம்ம்ம்"னு ஒரு இரைச்சலும் வருது. கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்றது நாலு மில்லிவோல்ட் அளவு, அதப் போனோ ஸ்டேஜ் நூறு மடங்குக்கு மேல பெருக்குது, போதாக்குறைக்கு ஆர்ஐஏஏங்கற ரெக்கார்டு கம்பெனிக்காரங்க கணக்குப்படி கீழ்ச்சுதிய ரொம்ப தூக்கிக் குடுக்கணும், அப்ப 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேந்து தூக்கிக்கிட்டு வரும். எர்த் வயர், கேபிள், எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. எங்க ஊர் எலக்ட்ரீஷியன் வந்து மெஷின திரும்பிக் கூட பாக்கல, நேரா வீட்டுக்குப் பின்னால போனாரு. எர்த் குழி இருக்குமுல்லா, கரியும் உப்பும் போட்டு மூடுறது, அது மாசி வெயில்ல காஞ்சு வெடிச்சுக் கிடந்துச்சு, கம்பியோட இணைப்பு பச்சை புடிச்சு அறுந்து போற நெலையில. இணைப்ப சுரண்டி புதுசா முறுக்கி, ரெண்டு குடம் தண்ணிய ஊத்தச் சொன்னாரு. உள்ள வந்து போட்டா இரைச்சல் இல்ல. "ஃபிரிட்ஜ தொட்டா சுருக்குன்னு இருக்குன்னு உங்க வீட்டுல சொன்னாங்கல்லா, அதும் இதுதான்"னு சொல்லிட்டுப் போனாரு. பாட்டு கேக்குறதுக்காக வீட்டு எர்த்து சரியாச்சு, அதுவே பெரிய லாபம்.

ரெக்கார்டுகள பத்தி ஒரு வார்த்தை. எங்களுக்கு தென்மேற்கும் மழை, வடகிழக்கும் மழை, வருஷத்துல பாதி நாளு சுவரே வேர்த்துக்கிட்டு நிக்கும், ரெக்கார்டு எல்லாம் பூஞ்சை. வினைல கழுவ பெட்ரோல் பங்குல கிடைக்கிற பேட்டரித் தண்ணி, அதாவது டிஸ்டில்டு வாட்டர், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், மெத்துன்னு துணி. பாத்து வாங்குங்க, ஆசிட் இல்லாதது. ஆனா தாத்தா காலத்து 78 தட்டுல ஆல்கஹால் ஒரு சொட்டு கூட படக் கூடாது. அது வினைல் இல்ல, அரக்கு. மரத்துல பூச்சி வைக்கிற அரக்கேதான், ஆல்கஹால்ல கரைஞ்சுரும், வரியோட சேந்து பாட்டும் கரைஞ்சுரும். உலகம் முழுக்க அந்தக் காலத்துல ரெக்கார்டு போட்ட அரக்குல பெரும்பகுதி இந்தியாவுல இருந்து போனதுதான்.

வேகம் பாக்குறது தனி கூத்து. ஸ்ட்ரோப் தட்டுன்னு கோடு கோடா அச்சடிச்ச ஒரு வட்டம் இருக்கு, 50 ஹெர்ட்ஸ் விளக்கு நொடிக்கு 100 தடவ மினுக்கும், 33-க்கு 180 கோடு, அந்த வெளிச்சத்துல கோடு அசையாம நின்னா வேகம் சரி. ஆனா இப்ப உள்ள நல்ல எல்இடி பல்பு மினுக்குறதே இல்ல, கோடு கலங்குன மாதிரிதான் தெரியும், அதனால ஒரு பழைய நியான் இண்டிகேட்டர எடுத்து வயர் பண்ணி பக்கத்துல வச்சேன். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் மோட்டார் போடுற நேரம் வோல்டேஜ் இறங்குனா கோடு லேசா பின்னால நகரும், லிவர ஒரு தட்டு தட்டுனா நிக்கும். 78-க்கு 77 கோடு, கணக்குப் பாத்தா சரியா வர்றது 77.92.

இந்த 77.92-லதான் வீட்டுல இப்ப சண்டை. மச்சினன் கோயில் குவயர்ல ஆர்மோனியம் வாசிக்கிறவன், தாத்தாவோட ஒரு பழைய 78 தட்ட போட்டா, "இது சுதியே இல்ல, ரெண்டு கட்டைக்கும் ஒண்ணரைக்கும் நடுவுல தொங்குது"ன்னு சொல்லுறான். கட்டைன்னா ஆர்மோனியத்துல சுதியோட உயரத்துக்கு சொல்லுற கணக்கு. அவன் சொல்லுறதுலயும் நியாயம் இருக்கு, அந்தக் காலத்து ரெக்கார்டிங் மெஷின் எல்லாம் ஒழுங்கா 78-லயே ஓடுச்சுன்னு சொல்ல முடியாது. வேற மெஷினா இருந்தா பேச்சு அதோட முடிஞ்சிருக்கும், இதுல கூம்பும் லிவரும் இருக்கே. ஆர்மோனியத்த மடியில வச்சுக்கிட்டு ஒண்ணரைக் கட்டைய புடிச்சு நிறுத்திட்டு என்னைய லிவர இழுக்கச் சொல்லுவான். முழு அரைக்கட்டை இறங்கணும்னா 78-ல இருந்து 73.6 வரைக்கும் வரணும், இங்க பாதிதான் தேவைங்கறதால 76 பக்கம் நின்னுச்சு. சுதி என்னமோ சேந்துருச்சு, ஆனா பாடுறவரு குரல் கொஞ்சம் தடிச்ச மாதிரி எனக்குப் படுது. மேல ஏத்தி ரெண்டு கட்டைக்கு வச்சா மாமி கேட்டுட்டு, "தாத்தா கேக்குறப்ப இப்பிடித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லுறாங்க, அவங்க கல்யாணம் ஆகி வந்தப்ப அந்த வீட்டுல கிராமபோன் சாவி குடுத்தா ஓடுறது, அதுவே எந்த வேகத்துல ஓடுச்சோ. மச்சினன் ஒண்ணரைன்னு நிக்கிறான், மாமி ரெண்டுன்னு நிக்கிறாங்க, நான் லிவர் பக்கத்துல ரெண்டு பேருக்கும் பென்சில்ல தனித்தனியா ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், யாரு வீட்டுல இருக்காங்களோ அவங்க கோட்டுல ஓடும்.